கதிர்வீச்சுக்குப் பின் ஆறாத புண்: ஆக்சிஜன் அறையா, மாத்திரையா, அறுவை சிகிச்சையா?

வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து முடித்தவர்கள், பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில்தான் அடுத்த தொல்லை தலைகாட்டும். இரண்டு வருடமோ ஐந்து வருடமோ கழித்துக் கீழ்த்தாடையில் ஒரு பல் ஆடும். அதைப் பிடுங்கிய குழி மாதக்கணக்கில் ஆறாது. நாக்கால் தடவினால் சொரசொரவென்று எலும்பு தட்டுப்படும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கோ புராஸ்டேட் புற்றுநோய்க்கோ இடுப்பில் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு இதே பாதிப்பு வேறு உருவத்தில் வரும். சிறுநீரில் ரத்தம் போகும், அல்லது மலத்தில் ரத்தம் போகும்.

ஒரு மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுப்பார். இன்னொருவர் தாடை எலும்பை வெட்டி எடுக்க வேண்டும் என்பார். அதற்குள் சொந்தக்காரர் யாராவது, ஆக்சிஜன் அறையில், அதாவது காற்றழுத்தம் கூட்டிய அறைக்குள் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தபடி, 40 நாள் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று போனில் ஒரு வீடியோ அனுப்பியிருப்பார். இந்த மூன்றுக்கும் நடுவில் நின்று முடிவெடுக்க வேண்டிய குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் அறை கதிர்வீச்சுப் பாதிப்புக்கு நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எந்த உறுப்பு, எந்தக் கட்டம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். சிறுநீர்ப்பைப் பாதிப்புக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மலக்குடலில் ரத்தம் போகிறதென்றால் எளிய வழிகளைப் பார்த்த பிறகு. தாடை எலும்புக்கு அதை மட்டுமே நம்பி உட்காரக் கூடாது. பல் பிடுங்கும் முன் எல்லோருக்கும் தடுப்பாகக் கொடுப்பது தேவையில்லாத செலவு. ஏன் இப்படி உறுப்புக்கு உறுப்பு மாறுகிறது என்பதுதான் மிச்சக் கட்டுரை.

ஒரே புண்ணுக்கு இரண்டு விளக்கங்கள்

கதிர்வீச்சு புற்றணுக்களை மட்டும் பார்த்து அடிப்பதில்லை. போகும் வழியில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களின் உட்சுவரையும் கெடுக்கிறது. குழாய்கள் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அடைபடுகின்றன. அந்த இடம் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்த திசுவாகிறது. சும்மா இருக்கும்வரை அந்தக் கொஞ்ச ரத்தம் போதும். பல் பிடுங்குவது போல ஒரு காயம் பட்டுவிட்டால் அதை ஆற்றும் தெம்பு அங்கே இருக்காது.

1983-இல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க வாய், முக அறுவை மருத்துவர் இதைத் தெளிவாக எழுதினார். அதுவரை இது முக்கியமாகக் கிருமித் தொற்று என்றே பலரும் நினைத்திருந்தார்கள். ஆக்சிஜன் குறைந்து, உயிரணுக்கள் குறைந்து, ரத்தக் குழாய்கள் குறைந்த ஒரு திசுவின் ஆறாத காயம் இது, கிருமி பின்னால் வந்து ஒட்டிக்கொள்வதுதான் என்றார் அவர். ஆக்சிஜன் இல்லாததுதான் பிரச்சினை என்றால் ஆக்சிஜனை அழுத்தி ஏற்றுவதுதானே வழி? ஆக்சிஜன் அறை இந்தச் சிகிச்சைக்குள் வலுவாக வந்தது அந்தத் தர்க்கத்தில்தான்.

பிரான்ஸில் சில்வி டெலானியன் என்ற மருத்துவரின் குழு வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. நார்த்திசுவை உண்டாக்கும் அணுக்கள் கதிர்வீச்சால் கட்டுப்பாடு இழந்து, தேவையில்லாமல் நாரை நாராகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் மூல காரணம் என்பது அவர்கள் வாதம். அப்படியானால் அந்த நாரைக் கரைக்கும் மருந்து வேண்டும். ரத்த ஓட்டத்துக்காக ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பென்டாக்ஸிஃபிலின் மாத்திரையையும் வைட்டமின் ஈ-யையும் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அறையும் மாத்திரையும் இப்படி இரண்டு விளக்கங்களிலிருந்து பிறந்தவை. ஒன்றின் மருத்துவர் மற்றதை அவ்வளவாகப் பேசாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நோயாளிதான் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

அறைக்குள் நடப்பது

சாதாரணமாக மூச்சு விடும்போது ஆக்சிஜன் கிட்டத்தட்ட முழுவதும் சிவப்பணுக்களில் ஏறித்தான் பயணம் செய்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது 100 மில்லிக்கு வெறும் 0.3 மில்லி. மூன்று வளிமண்டல அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனைச் சுவாசித்தால் அந்தக் கரைந்த அளவு சுமார் 6 மில்லியாக உயரும். கதிர்வீச்சுப் பாதிப்புக்கு வழக்கமாக 2 முதல் 2.4 வளிமண்டல அழுத்தம் வைக்கிறார்கள். 2.4 என்பது கடலுக்குள் 14 மீட்டர் ஆழத்தில் இருப்பதற்குச் சமம். ஒரு சிட்டிங் சுமார் 90 நிமிடம், வாரம் ஐந்து நாள், மொத்தம் 30 முதல் 40 சிட்டிங்.

அந்த ஒன்றரை மணி நேரம் ஆக்சிஜன் கிடைத்ததால் மட்டும் புண் ஆறிவிடாது. அது அன்றே வெளியே போய்விடும். தினமும் ஏறி இறங்கும் அந்த வேறுபாடு, புதிய நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டுகிறது என்பதுதான் இதன் பயன். மார்க்ஸ் குழு செய்த சோதனைகளில் முதல் சில சிட்டிங்குகளில் பெரிய மாற்றம் தெரியவில்லை. 20-ஐ நெருங்கும்போதுதான் குழாய்களின் அடர்த்தி நன்றாக ஏறியது, அதற்குப் பிறகு ஏற்றம் தணிந்தது. எனவே ஐந்து சிட்டிங், பத்து சிட்டிங் என்று சலுகை விலையில் விற்கப்படும் பொதிகளுக்கு இந்த நோயில் இடமில்லை. போனால் முழுதாகப் போக வேண்டும், இல்லையென்றால் போகவே வேண்டாம்.

தாடை எலும்பு

இந்தியாவில் இதுதான் அதிகம் பேசப்பட வேண்டியது. புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் இங்கே வாய்ப் புற்றுநோய் அதிகம், அதனால் தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர்களும் அதிகம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் பாதிப்பு பெரும்பாலும் கீழேதான் வரும்.

முதலில் தடுப்பு. கதிர்வீச்சு எடுத்த தாடையில் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது, முன்னெச்சரிக்கையாக ஆக்சிஜன் அறைக்குப் போகட்டுமா? 1985-இல் மார்க்ஸ் குழு 74 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. 37 பேருக்குப் பெனிசிலின், 37 பேருக்கு ஆக்சிஜன் அறை: பிடுங்குவதற்கு முன் 20 சிட்டிங், பின் 10. பெனிசிலின் பக்கம் 11 பேருக்கு எலும்பு செத்தது. அறைப் பக்கம் 2 பேருக்கு மட்டும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தைப் பார்த்தபின் யாருக்குத்தான் மனசு வராது? உலகம் முழுக்க இந்த 20/10 கணக்கு நடைமுறையானது.

ஆனால் 2019-இல் பிரிட்டனில் ஹோபான் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 144 பேர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது எலும்பு செத்தவர்கள் அறைக்குப் போனவர்களில் 6.4 சதவீதம், போகாதவர்களில் 5.7 சதவீதம். வித்தியாசமே இல்லை. இதில் நான் கவனிக்கச் சொல்வது, போகாதவர்களிடமே ஆபத்து 6 சதவீதத்துக்குள் இருந்தது என்பதை. 1985-இல் அது 30 சதவீதத்தை ஒட்டி இருந்தது. கதிர்வீச்சைக் குறிபார்த்துக் கொடுக்கும் கருவிகள் மாறிவிட்டன. கிருமிக்கொல்லி, வாய் கொப்பளிக்கும் மருந்து, பக்குவமாகப் பிடுங்கும் முறை எல்லாம் சேர்ந்துவிட்டன. ஆபத்தே குறைந்துவிட்ட இடத்தில் அறை குறைப்பதற்கு என்ன மிச்சம்? பன்னாட்டு புற்றுநோய் மருத்துவச் சங்கங்கள் 2024-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலும், வழக்கமாக எல்லோருக்கும் இதைக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பிடுங்கப்போகும் இடத்தில் தாடையின் பெரும்பகுதி 50 கிரேக்கு (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் கதிர்வீச்சு வாங்கியிருந்தால் மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது.

ஆகவே அறைக்குப் பணம் கட்டும் முன், கதிர்வீச்சு கொடுத்த மருத்துவமனையில் உங்கள் கோப்பை எடுத்து, இந்தப் பல் இருக்கும் இடத்துக்கு எத்தனை கிரே போனது என்று கேளுங்கள். அந்த வரைபடம் அவர்களிடம் இருக்கும். இன்னும் கதிர்வீச்சு ஆரம்பிக்காதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது. கெட்ட பற்களை இப்போதே பிடுங்கிவிட்டு, குழி ஆற இரண்டு வாரமாவது விட்டு, அப்புறம் கதிர்வீச்சைத் தொடங்குங்கள். சிகிச்சை முடிந்தபின் ஆயுளுக்கும் பல் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு. இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

சரி, எலும்பு ஏற்கெனவே வெளியே தெரிகிறது. இப்போது?

எந்த வழிக்கும் முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அது செத்த எலும்புதானா, திரும்ப வந்த புற்றுநோயா என்று சதையெடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் வாய்க்குள் ஒரே மாதிரி தெரியும், ஒரே மாதிரி வலிக்கும். இந்தப் பரிசோதனை இல்லாமல் மாத்திரையோ அறையோ ஆரம்பிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சின்னத் துணுக்கு எலும்பு, வலி அதிகமில்லை, எக்ஸ்ரேயில் பல்லைத் தாங்கும் மேல் விளிம்பு மட்டுமே பாதிப்பு என்றால் பொறுத்துப் பார்க்கலாம். வாய்ச் சுத்தம், தேவைப்பட்டால் கிருமிக்கொல்லி, தளர்ந்த துணுக்கை மட்டும் மெல்ல எடுத்துவிடுவது. இதோடு மாத்திரையையும் ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. பென்டாக்ஸிஃபிலின் 400 மில்லிகிராம் காலை, இரவு. கூடவே வைட்டமின் ஈ. டெலானியன் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வில் 54 பேருக்கு இவை இரண்டோடு குளோட்ரோனேட் என்ற எலும்பு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஆறியது, பாதிப் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள். இதில் ஒரு குறை உண்டு: ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை சாப்பிடாத ஒரு கூட்டம் அதில் இல்லை. ஆனாலும் பென்டாக்ஸிஃபிலினும் வைட்டமின் ஈ-யும் எந்த ஊரிலும் கிடைக்கும், விலை தாங்கும், வீட்டிலிருந்தே சாப்பிடலாம். வயிற்றைப் புரட்டும், சிலருக்குத் தலை சுற்றும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குறையும். மூளையிலோ கண்ணின் விழித்திரையிலோ சமீபத்தில் ரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்கு இது கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதே கட்டத்தில் அறை என்ன செய்கிறது? பிரான்ஸில் 68 பேரிடம், யார் எந்தப் பிரிவு என்று தெரியாமல் மறைத்துச் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஒரு வருடம் கழித்துத் தேறியவர்கள் உண்மையான சிகிச்சைப் பக்கம் 19 சதவீதம், போலிச் சிகிச்சைப் பக்கம் 32 சதவீதம். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அறையை ஆதரிப்பவர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்கிறார்கள்: மார்க்ஸ் சொன்னது அறையும் அறுவையும் சேர்ந்த முறை, நீங்கள் அறையை மட்டும் தனியாகச் சோதித்தீர்கள் என்று. நியாயமான மறுப்புதான். ஆனால் நம் ஊரில் பல இடங்களில் விற்கப்படுவதும் அந்தத் தனி அறைதானே! 2022-இல் டென்மார்க், நெதர்லாந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அறுவையோடு அறையும் சேர்ந்தவர்களில் 70 சதவீதம் பேருக்கும், அறை இல்லாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் ஆறியிருந்தது. மொத்தம் 65 பேர்தான் என்பதால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். எனவே செத்த எலும்பைச் சுரண்டி எடுக்கும் அறுவைக்குத் துணையாக அறை என்றால் யோசிக்கலாம். அறுவைக்குப் பதிலாக அறை என்றால் வேண்டாம்.

கடைசிக் கட்டம் வேறு. கன்னத்தில் ஓட்டை விழுந்து சீழ் வடிகிறது, அல்லது தாடை தானாகவே முறிந்துவிட்டது, அல்லது எலும்பின் கீழ் விளிம்பு வரை அரித்துவிட்டது. இதற்கு அறுவைதான். கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, காலில் இருக்கும் ஃபிபுலா என்ற மெல்லிய எலும்பை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து வந்து கழுத்துக் குழாயில் இணைக்கிறார்கள். நாள் முழுக்க நடக்கும் பெரிய அறுவை. பயம் நியாயமானது. ஆனால் இங்கே ஒரு விஷயம் புரிந்தால் முடிவு எளிதாகும்: அந்தக் கால் எலும்பு தன் ரத்த ஓட்டத்தைத் தன்னோடு கொண்டு வருகிறது. கதிர்வீச்சு படாத எலும்பு அது. அறை எதை உண்டாக்கப் பார்க்கிறதோ அது ஒரே நாளில் வந்து சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்தக் கட்டத்தில் 30 சிட்டிங் முடித்துவிட்டு அறுவையைப் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த ஆறு வாரத்தில் சரியாகச் சாப்பிட முடியாமல் எடை இறங்கி, அறுவையைத் தாங்கும் உடம்பே இல்லாமல் போய்விடுகிறது.

சிறுநீர்ப்பை

இங்கே என் பேச்சு மாறுகிறது. இடுப்பில் கதிர்வீச்சு வாங்கியவரின் சிறுநீர்ப்பை சுருங்கி, அடிக்கடி அவசரமாகப் போக வேண்டியிருக்கும், எரியும், ரத்தம் கலந்து வரும். இதற்கு மற்ற வழிகளை வரிசையாகப் பாருங்கள். குழாய் வைத்து ரத்தக் கட்டிகளைக் கழுவி எடுப்பது, உள்ளே கருவி விட்டு ரத்தம் கசியும் புள்ளிகளைச் சுட்டு அடைப்பது, படிகாரக் கரைசலால் கழுவுவது, ஃபார்மலின் செலுத்துவது, ரத்தக் குழாயை உள்ளிருந்து அடைப்பது, கடைசியாகச் சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவது. முதல் இரண்டும் ரத்தத்தை அப்போதைக்கு நிறுத்தும், ஆனால் திரும்ப வரும். ஃபார்மலின் கடுமையானது, மயக்கம் கொடுத்துத்தான் செய்ய முடியும், ஏற்கெனவே சுருங்கிய பை இன்னும் சுருங்கலாம், சிறுநீர் மேலேறும் கோளாறு இருந்தால் சிறுநீரகத்தையே கெடுக்கும். இவை எதுவும் அந்தத் திசுவைச் சீர்படுத்துவதில்லை. அந்த நோக்கத்தோடு செய்யப்படுவது ஆக்சிஜன் அறைதான்.

சான்றும் இருக்கிறது. வட ஐரோப்பாவின் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ரிச்-ஆர்ட் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. 79 பேர், 30 முதல் 40 சிட்டிங். சிறுநீர்த் தொல்லைகளை நோயாளிகளே 100-க்கு மதிப்பிடும் அளவுகோலில் அறைக்குப் போனவர்களுக்குச் சராசரியாக 17.8 புள்ளி முன்னேற்றம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 7.7 புள்ளி. இதில் போலி அறை வைத்து ஒப்பிடவில்லை, சிகிச்சை எடுக்கிறோம் என்ற நம்பிக்கையும் அந்தப் புள்ளிகளில் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும், மற்ற வழிகளின் ஆபத்தோடு வைத்துப் பார்க்கும்போது நான் அறையின் பக்கமே நிற்கிறேன்.

இரண்டு நிபந்தனைகள். ரத்தக் கட்டி அடைத்துச் சிறுநீரே வராத அவசரத்தில் அறை உதவாது. முதலில் மருத்துவமனையில் கழுவி எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் ரத்தம் ஏற்ற வேண்டும். அடுத்து, உள்ளே கருவி விட்டுப் பார்த்து, அங்கே புதிய கட்டி இல்லை என்று உறுதி செய்திருக்க வேண்டும்.

மலக்குடலும் மற்ற இடங்களும்

மலத்தில் ரத்தம் போவதற்கு எளிய வழிகள் நிறைய இருப்பதால் அறைக்கு அவசரம் இல்லை. சுக்ரால்ஃபேட் என்ற வயிற்றுப்புண் மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்துவது நன்றாக வேலை செய்யும் என்று 1991-லேயே சண்டிகர் மருத்துவர்கள் 37 பேரிடம் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். வீட்டிலேயே செய்துகொள்ளலாம், செலவும் குறைவு. அதில் நிற்காவிட்டால் ஆர்கான் வாயுவால் சுட்டு அடைக்கும் முறை, பெரும்பாலும் சில தடவைகளில் முடிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: புராஸ்டேட் சிகிச்சைக்குப் பிறகு மலக்குடலின் முன்சுவரில் தேவையில்லாமல் சதையெடுத்தால் அந்தக் காயமே ஆறாமல் ஓட்டையாகிவிடலாம். பரிசோதிக்கும் மருத்துவரிடம் கதிர்வீச்சு எடுத்த விவரத்தை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இவையெல்லாம் தோற்ற பிறகு அறை. 2008-இல் வந்த ஹார்டிஸ் ஆய்வில், மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத 120 பேரிடம் நல்ல பலன் தெரிந்தது. மூன்று பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் தேறினார். ஆனால் 2016-இல் பிரிட்டனின் ஹாட்-2 ஆய்வில் 84 பேரிடம் பலன் எதுவும் தெரியவில்லை. பின்னது பேதி, அவசரம், வலி என்று குடலின் பல தொல்லைகளையும் சேர்த்துப் பார்த்தது. அதனால் விடாத ரத்தப்போக்கு இருப்பவர்களுக்கு மட்டும் நான் இதை யோசிக்கச் சொல்வேன். வயிற்று உப்புசத்துக்கும் அடிக்கடி போவதற்கும் இதை நாட வேண்டாம்.

மார்பகத்தில் கதிர்வீச்சுக்குப் பின் வரும் வலிக்கும் இறுக்கத்துக்கும் நெதர்லாந்தில் ஹனி என்ற ஆய்வு நடந்து 2024-இல் வெளிவந்தது. சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் அறைக்கு அழைக்கப்பட்ட 125 பேரில் ஒப்புக்கொண்டு முடித்தவர்கள் 31 பேர்தான். வேலை, பயணம், குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாரம் ஐந்து நாள் வருவது எவ்வளவு கஷ்டம் என்பதை அந்த எண் காட்டுகிறது. மூளையில் வரும் கதிர்வீச்சுப் பாதிப்புக்கு அறையின் பக்கம் நல்ல சான்று இல்லை. அங்கே பெவாசிஸுமாப் என்ற மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

விபத்தில் கதிர்வீச்சு பட்டவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2010-இல் டில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் கோபால்ட்-60 பட்டவர்களுக்கோ, 1987-இல் பிரேசிலின் கொயானியா நகரில் சீசியம்-137 தூளைத் தொட்டவர்களுக்கோ முதலில் கெட்டது எலும்பு மஜ்ஜையும் தோலும். மஜ்ஜையைத் தூண்டும் ஊசி, ரத்தம் ஏற்றுவது, கிருமித் தொற்றைத் தடுப்பது, சீசியம் என்றால் அதை உடலிலிருந்து இழுத்து வெளியேற்றும் பிரஷ்யன் நீலம் என்பவைதான் அங்கே உயிர் காப்பவை. அந்த முதல் நாட்களில் ஆக்சிஜன் அறைக்கு வேலை இல்லை. மாதங்கள் கழித்து ஆறாமல் நிற்கும் தோல் புண்ணுக்குத் துணையாக வேண்டுமானால் யோசிக்கலாம். இன்னொன்றும் உண்டு: ஆக்சிஜன் நிறைந்த திசுவைக் கதிர்வீச்சு அதிகமாகச் சேதப்படுத்தும். 1950-களில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் குழு நோயாளிகளை அழுத்த அறைக்குள் வைத்தபடியே கதிர்வீச்சு கொடுத்தது கட்டியை நன்றாகக் கொல்லத்தான். கதிர்வீச்சு நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் சத்துக்காக என்று சொந்த முயற்சியில் அறைக்குப் போகவே கூடாது.

ஆக்சிஜன் புற்றுநோயைத் திரும்ப வளர்த்துவிடுமோ என்ற பயத்தைப் பலர் கேட்கிறார்கள். இதுவரை தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை.

அறைக்குப் போவதென்று முடிவானால்

அழுத்தம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். காற்றடைத்த மென்பைக்குள் படுக்க வைத்து 1.3 வளிமண்டல அழுத்தம் கொடுக்கும் நிலையங்கள் அழகு நிலையங்களின் பக்கத்திலேயே முளைத்திருக்கின்றன. ஹாட்-2 ஆய்வில் போலிச் சிகிச்சை எடுத்தவர்களுக்குக் கொடுத்தது, சாதாரணக் காற்றை அதே 1.3 அழுத்தத்தில். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பலனில்லாதது என்று தேர்ந்தெடுத்த அழுத்தம் அது. கதிர்வீச்சுப் பாதிப்புக்குக் கெட்டியான உலோக அல்லது அக்ரிலிக் அறை, 2 முதல் 2.4 அழுத்தம், பொறுப்பான மருத்துவர் ஒருவர், இவை இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள்.

காதில் வரும் அடைப்புதான் மிகச் சாதாரணமான தொல்லை. அழுத்தம் ஏறும்போது எச்சில் விழுங்கு, கொட்டாவி விடு என்பார்கள். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவருக்கு எச்சிலே ஊறாது, வாயும் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்காது. இவர்களுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் கையில் இருக்க வேண்டும், அழுத்தத்தை மெதுவாக ஏற்றச் சொல்ல வேண்டும். அப்படியும் முடியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவர் செவிப்பறையில் ஒரு சின்னக் குழாய் வைத்துவிடுவார். ரிச்-ஆர்ட் ஆய்விலும் அறைக்குப் போன 41 பேரில் 17 பேருக்குக் காதிலோ பார்வையிலோ தற்காலிகத் தொல்லை வந்தது. சில வாரம் தூரப் பார்வை மங்கும். பெரும்பாலும் தானாகத் திரும்பும், அதனால் அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி வாங்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு உள்ளே இருக்கும்போது சர்க்கரை இறங்கும், ஒவ்வொரு சிட்டிங்குக்கு முன்னும் பார்க்க வேண்டும். நுரையீரல் உறையில் காற்று சேர்ந்திருப்பவர்களுக்கு, அதைச் சரிசெய்யும்வரை அறை கூடவே கூடாது. பிளியோமைசின், டாக்ஸோருபிசின், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுத்தவர்கள் எடுத்த தேதியைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் தீ. சுத்த ஆக்சிஜனில் ஒரு பொறி போதும். 1997-இல் இத்தாலியின் மிலன் நகர மருத்துவமனை ஒன்றில் அறைக்குள் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். கை சூடாக்கும் ஒரு சிறு கருவியை உள்ளே கொண்டுபோனதுதான் காரணம். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போகக் கூடாது. வறண்ட உதட்டில் வாசலின் தடவும் பழக்கம் இந்த நோயாளிகளில் பலருக்கு உண்டு, அதையும் துடைத்துவிட வேண்டும். நைலான், பாலியஸ்டர் புடவை வேண்டாம், அவர்கள் தரும் பருத்தி உடைதான். போன், காது கேட்கும் கருவி, தீப்பெட்டி எதுவும் உள்ளே வரக் கூடாது. இதையெல்லாம் கேட்காமலே உள்ளே விடும் நிலையம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பணத்தையும் பேசிவிடுவோம். ஒரு சிட்டிங்குக்குச் சில ஆயிரம் ரூபாய் என்றால் 40 சிட்டிங்கில் லட்சத்தைத் தாண்டிவிடும். சிறிய ஊரிலிருந்து வருபவருக்கு எட்டு வாரம் நகரத்தில் தங்கும் செலவு, கூட இருப்பவரின் சம்பள இழப்பு தனி. தாடைக்கு மாத்திரையை ஆறு மாதம் சாப்பிட ஆகும் செலவு இதில் ஒரு சிறு பங்குதான். அதனால்தான் கடன் வாங்கியாவது அறைக்குப் போகட்டுமா என்று தாடை நோயாளியின் பிள்ளைகள் கேட்டால் வேண்டாம் என்கிறேன். சிறுநீர்ப்பை நோயாளி கேட்டால், காப்பீட்டில் இது வருமா என்று விசாரித்துவிட்டு, முடிந்தால் போங்கள் என்கிறேன்.

தொடங்கும் நாளிலேயே, எதைப் பார்த்து முன்னேற்றம் என்று சொல்வோம் என்று மருத்துவரோடு பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தாடை என்றால் வெளியே தெரியும் எலும்பின் படம் ஒன்றை எடுத்து வையுங்கள். 20 சிட்டிங் முடிந்ததும் அதே கோணத்தில் இன்னொன்று எடுத்துப் பாருங்கள். எலும்பு பெரிதாகியிருந்தாலோ சீழ் கூடியிருந்தாலோ மிச்சச் சிட்டிங்குகளுக்குக் காத்திராமல் அறுவை மருத்துவரிடம் போய்விடுங்கள். சிறுநீர்ப்பை என்றால் இரவில் எத்தனை தடவை எழுந்தீர்கள், எந்த நாளில் ரத்தம் தெரிந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கடைசிச் சிட்டிங் அன்று அந்த நோட்டில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் குறிப்பதை நிறுத்த வேண்டாம். ரிச்-ஆர்ட் ஆய்வில் அந்த 17.8 புள்ளியை அளந்தது 6 முதல் 8 மாதம் கழித்துத்தான்.